ரேணுகாம்பாளின் கட்டைவிரல்

ரேணுகாம்பாள் தன் புருஷனைக் கடித்தது நல்ல பட்டப்பகலில். பல் பதியட்டும் என்று கடிக்கவில்லை. சதை வாயோடு வரட்டும் என்றே கடித்தாள்.

கந்தசாமி அவளுடைய வலது மணிக்கட்டைத் தறியின் முன்மரத்தில் வைத்து, அதன்மேல் முழங்கையை ஊன்றி, உடம்பின் பாரத்தை முழுக்க இறக்கியிருந்தான். இன்னொரு கையில் எவர்சில்வர் கிண்ணம். அதில் சுண்ணாம்பையும் சலவை சோடாவையும் சேர்த்துக் குழைத்த பசை. அவள் கட்டைவிரலைப் பிடித்து அதற்குள் திணிப்பது அவன் உத்தேசம். அவள் முன்கையைக் கடித்ததும் ஒரு தடவை அலறினான், ஆனால் பிடியை விடவில்லை. கந்தசாமி எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை. கிண்ணம் சரிந்து, பசையில் ஒரு சொட்டு அவள் கட்டைவிரலின் அடிமேட்டில் விழுந்தது. முதலில் குளிர்ந்தது, பிறகு எரிந்தது. இடது கையால் துழாவினாள். நாடா அகப்பட்டது. குறுக்கு நூலை அங்கும் இங்கும் ஓட்டுகிற கெட்டி மர நாடா, இரண்டு முனையிலும் இரும்புக் குப்பி போட்டது. அதை எடுத்து அவன் நெற்றியில் இறக்கினாள். முதல் அடிக்குத் தலை பின்னால் போனது. இரண்டாவது அடிக்குப் புருவம் பிளந்தது.

மாம்பழ மஞ்சளில் புதிதாகத் தறியில் நீளவாக்கில் ஏற்றியிருந்த பாவு இழைகள்மேல் ரத்தம் சொட்டியது. கந்தசாமி முகத்தைப் பொத்திக்கொண்டு தறிக்குழிக்குள் உட்கார்ந்துவிட்டான். அவள் பின்கட்டுக்கு ஓடிக் குழாயைத் திறந்து, கையை அதன் அடியில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். உள்ளே அவன் முனகுவது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. கட்டைவிரல் நுனியை ஆள்காட்டி விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். உணர்ச்சி இருந்தது. அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ஒரு விரலுக்காகப் புருஷன் மண்டையை உடைப்பாளா என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அந்த விரல் என்ன விரல் என்று அவர்களுக்குத் தெரியாததல்ல. ஆரணியில் பட்டுத்தறி ஓடுகிற அந்தத் தெருக்களில் பாதி வீட்டுக்கு அவள்தான் அச்சு பிணைப்பவள். ஒரு பாவு நெய்து முடிந்ததும் அடுத்த பாவைத் தறியில் ஏற்றவேண்டும். சீப்புப் போன்ற அச்சுக்குள் நிற்கும் பழைய இழை ஒவ்வொன்றின் நுனியோடும் புதுப் பாவின் இழை ஒவ்வொன்றையும் சேர்க்கவேண்டும். முடிச்சுப் போட்டால் அச்சின் பல்லில் மாட்டி அறுந்துவிடும். அதனால் விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இரண்டு இழையையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஓர் உருட்டு. இரண்டும் ஒன்றாகிவிடும். ஒரு பாவுக்கு ஆயிரக்கணக்கான உருட்டு. பட்டு இழை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. விரலுக்குத் தெரியவேண்டும். ரேணுகாம்பாள் டி.வி. நாடகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே, தறியைப் பார்க்காமலே பிணைப்பாள். இழை அறுந்திருந்தால் பேச்சு நிற்கும், விரல் தேடும், மறுபடி பேச்சு தொடரும்.

கந்தசாமி நல்ல நெசவாளி. ஆனால் கை முரட்டுக் கை. திருகாணி இறுகியிருந்தால் சுத்தியலால் அடிப்பான். மோட்டார் சைக்கிள் கிளம்பாவிட்டால் அதை உதைத்தே சாய்ப்பான். அவனுக்குக் கோபம் வருவதற்கும் கை ஓங்குவதற்கும் இடையில் ஒன்றுமே கிடையாது. கல்யாணமான புதிதில் ரேணுகாம்பாள் தட்டில் வைத்த களியில் கல் கடித்தது என்று தட்டை அவள்மீது வீசினான். விளிம்பு காதில் பட்டு அறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. மறுநாள் அவனே அந்தக் காதுக்குப் புதுக் கம்மல் வாங்கிவந்தான். அடிப்பதும் அவனுக்கு அக்கறைதான், வாங்கித் தருவதும் அக்கறைதான். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவனுக்கு உண்மையாகவே புரியாது.

மரு முதலில் வந்தது அவனுக்குத்தான். நடுவிரலின் முதுகில், கணுவுக்குப் பக்கத்தில், மிளகு அளவுக்கு ஒன்று. சொரசொரவென்று தலையும், தலைக்குள் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகளுமாக இருந்தது. அந்தக் கறுப்புத்தான் வேர் என்றான் கந்தசாமி. மேலே கிள்ளினால் போகாது, வேரோடு பிடுங்கவேண்டும் என்றான். தறியின் பக்கத்துக் கட்டையில் எப்போதும் அரை பிளேடு ஒன்று செருகியிருக்கும். நூல் நுனி நறுக்க அவனும் எடுப்பான், அவளும் எடுப்பாள். அதை உருவி, தறியில் உட்கார்ந்தபடியே மருவைச் சீவினான். ரத்தம் நிற்கவில்லை. வேர் தெரியவில்லை என்று இன்னும் ஆழமாகத் தோண்டினான். நெய்துகொண்டிருந்த சந்தன நிறப் புடவையில் ரத்தம் தெறித்துக் கறையாகிவிட்டது.

பாவு கொடுத்த முதலாளி தமிழ்வாணன் கறையைப் பார்த்துவிட்டு, தன் கடையில் நாலு பேர் நடுவில், "தறியில உக்காந்து கோழி அறுத்தியா கந்தசாமி?" என்று கேட்டார். கந்தசாமி குப்பி மாற்றக் கையோடு கொண்டுவந்திருந்த நாடாவைக் கடையின் கண்ணாடி அலமாரிமேல் எறிந்தான். கண்ணாடி தரையெல்லாம் கொட்டியது. ஊரில் வேறு யாராவது செய்திருந்தால் அதோடு தறி நின்றிருக்கும். கந்தசாமியைப் போல் நெய்ய ஆள் கிடைக்காது என்பதால் தமிழ்வாணன் பல்லைக் கடித்துக்கொண்டார்.

சீவிய இடத்தைச் சுற்றிப் புதிதாக நாலைந்து மரு முளைத்தது. அதற்குத்தான் சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து ஈர்க்குச்சியால் ஒவ்வொரு பொட்டாக வைத்தான். தோல் வெந்து கறுத்து உரிந்தது. புண் ஆறியது. கொஞ்ச காலத்தில் மரு இல்லை. அதிலிருந்து கந்தசாமி மருவுக்கு வைத்தியன். தெருவில் யாரைப் பார்த்தாலும் விரலை நீட்டித் தழும்பைக் காட்டுவான்.

அடுத்தது ரேணுகாம்பாளின் முறை. வலது கட்டைவிரலின் நுனி, இழை உருளுகிற அதே இடம். முதலில் தோல் தடித்தது போல் இருந்தது, பிறகு முள்ளாக நின்றது. பட்டு இழையை உருட்டும்போது அதில் மாட்டும். மாட்டினால் இழையின் பிரி கலைந்து பஞ்சாகும். ஒரு வீட்டில் அவள் பிணைத்த பாவு நெய்யும்போது வரிசையாக அறுந்தது. அடுத்த வீட்டிலும் அறுந்தது. மூன்றாவது வீட்டில் வாசற்படியிலேயே நிறுத்தி, விரலைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இது ஒட்டிக்குமாமே, போனதும் வா" என்றார்கள். அவள் சாம்பல் டப்பாவை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினாள். தெரு முழுக்கத் தறி ஓடும் சத்தம். எல்லா வீட்டிலும் வேறு யாரோ பிணைக்கப்போகிறார்கள் என்று தோன்றியது.

"நான் எடுத்து வுட்டுர்றன், கொண்டா கைய" என்றான் கந்தசாமி.

அவள் கொடுக்கவில்லை. அவனுக்கு அந்த மரு இருந்தது விரலின் முதுகில். அங்கே தோல் செத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இவளுக்கு நுனியில். அங்கே தழும்பு விழுந்தால் பிறகு இழையும் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான். அவள் இதைச் சொன்னாள். அவன் காதில் அது பயமாக மட்டுமே விழுந்தது.

பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கும் பாஞ்சாலைதான் டாக்டரிடம் போகச் சொன்னவள். களம்பூர் ரைஸ் மில்லில் நெல் காயவைக்கும் வேலை அவளுக்கு. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் உடம்பெல்லாம் தவிட்டோடு வருவாள். வாய் மட்டும் களைத்திருக்காது.

"என் கழுத்துல பாரு, மரு மாலையாட்டம் தொங்குது. என் வூட்டுக்காரன் இதுக்கு மேல நகை வாணாம்னுட்டான்" என்று சிரித்தாள். பிறகு, மில்லில் ஒருத்தி தோல் டாக்டரிடம் காட்டிக் குணமானதையும், அவர் வாரத்துக்கு ஒரு நாள் ஆரணிக்கு வருவதையும் சொல்லி, அந்த வாரமே கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் இளம்பெண். விளக்கை இழுத்து விரலைத் திருப்பிப் பார்த்தார். பாஞ்சாலையின் கழுத்தையும் பார்த்தார். கழுத்தில் தொங்குவது வேறு சாதி என்றார். சதை உரசுகிற இடத்தில் வருவது, ஒட்டாது, ஒன்றும் செய்யாது, ஆனால் இத்தனை இருப்பதால் ஒருமுறை சர்க்கரை பார்த்துக்கொள்ளச் சொன்னார். கட்டைவிரலில் இருப்பது கிருமியால் வருகிற மரு. இதனாலும் ஆபத்தில்லை, புற்று கிற்று எதுவும் இல்லை. ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ விட்டால் பலருக்குத் தானாகவே போய்விடும். அதனால்தான் கடைசியாக எதைத் தடவினார்களோ அதுதான் குணமாக்கியது என்று ஆளுக்கொரு மருந்து சொல்கிறார்கள்.

ரேணுகாம்பாள் வேரைப் பற்றிக் கேட்டாள்.

"வேரே கிடையாதும்மா. அந்தக் கறுப்புப் புள்ளி ரத்தக்குழாய் நுனி, உறைஞ்சுபோய் இருக்கு. மரு மேல்தோலோட நின்னுடும். தோண்டினா கீழ இருக்கிற நல்ல சதைதான் போகும்."

கரன்ட் வைத்துச் சுடலாம், குளிர வைத்து உறையச் செய்யலாம், சீக்கிரம் போகும். ஆனால் விரல் நுனி என்பதால் தழும்போ மரத்துப்போவதோ வரலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். இன்னொரு வழி மெதுவானது. தினமும் வெந்நீரில் விரலை ஊறவைத்து, செத்த தோலை அரத்தால் தேய்த்து, சுற்றியுள்ள தோலுக்கு வாசலின் தடவி, மருவின்மேல் மட்டும் ஒரு திரவத்தை வைத்து பிளாஸ்திரி போடவேண்டும். மாதக்கணக்கில் ஆகும். அந்த அரத்தை வேறு யாரும் தொடக் கூடாது. ரேணுகாம்பாள் யோசிக்கவே இல்லை, மெதுவானதைக் கேட்டாள். எழுந்திருக்கும்போது டாக்டர், வீட்டில் வேறு யாருக்காவது இருந்ததா, பிளேடு எதையாவது இரண்டு பேர் புழங்கினீர்களா என்று கேட்டார். ரேணுகாம்பாள் நின்ற இடத்திலேயே நின்றாள். தறிக்கட்டையில் செருகியிருந்த அரை பிளேடு கண்ணுக்கு வந்தது. நூல் நறுக்கும்போது அது அவள் கட்டைவிரலைக் கீறாத வாரமில்லை.

அன்றைக்கு வீட்டில் அதைச் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம் என்று பாஞ்சாலை பிறகு சொன்னாள்.

"நான் குடுத்தனா? ஊரு வூடெல்லாம் பூந்து வந்துகினு கீற, எவன் வூட்ல ஒட்டிகினியோ. எம்மேல பழி போடுறியா?" என்று கந்தசாமி அறைந்தான். பிளாஸ்திரி போட்ட கையால் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பிளேடை அன்றே அவள் தூக்கி எறிந்தாள். தனக்கென்று ஒன்று வாங்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டாள். தினமும் விரலை ஊறவைத்துத் தேய்த்தாள். தினமும் கந்தசாமி அதைப் பார்த்தான். ஒரு வாரம், இன்னொரு வாரம், மரு அப்படியே இருந்தது. வீடுகளிலிருந்து ஆள் வரவில்லை. தெருவில் அவனைப் பார்த்து, மரு வைத்தியர் வீட்டிலேயே மருவா என்று கேலி செய்தார்கள். இவள் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாள், என் மருந்தை அவமானப்படுத்துகிறாள் என்று அவனுக்குள் ஏறிக்கொண்டே போனது. ஒரு சொட்டுக் குடிக்காத மனுஷன். குடித்திருந்தால் தெளிந்திருப்பான். இது தெளிகிற வெறி இல்லை. அப்படித்தான் அந்தப் பகல் வந்தது. அவன் சுண்ணாம்பு குழைத்தான். அவள் கடித்தாள். நாடா இறங்கியது.

மறுநாள் காலை வீட்டில் பஞ்சாயத்து கூடியது. கந்தசாமியின் அண்ணன் அய்யாக்கண்ணு நாற்காலியில் உட்கார்ந்தார். ரத்தம் பட்ட பாவு தன்னுடையது என்பதால் தமிழ்வாணனும் வந்திருந்தார். தெருக்காரர்கள் வாசலை அடைத்து நின்றார்கள், நடுவில் பாஞ்சாலையும். கந்தசாமி புருவத்தில் தையலும் முன்கையில் கட்டுமாகச் சுவரோரம் இருந்தான். ஆளாளுக்குப் பேசினார்கள். அடிக்கிறது வேறு, இவன் மருந்து போடத்தானே வந்தான் என்பது எல்லோர் பேச்சின் சாரம். அவன் காலில் விழுந்து, இனிமேல் கை ஓங்கமாட்டேன் என்று அவள் சொல்லிவிட வேண்டும் என்பது தீர்ப்பு.

"வைத்தியம் பாக்க வந்தவன நாடாவால அடிப்பாங்களாம்மா?" என்று அய்யாக்கண்ணு வருத்தமாகத்தான் கேட்டார்.

ரேணுகாம்பாள் உள்ளே போனாள். அதே கிண்ணம், அதே சுண்ணாம்புக் கலயம், அதே சோடாப் பொட்டலத்தோடு வந்தாள். எல்லோர் எதிரிலும் உட்கார்ந்து, சுண்ணாம்பின்மேல் சோடாவைக் கொட்டித் தண்ணீர் விட்டு, குச்சியால் குழைத்தாள். நேற்று அவன் குழைத்த அதே பதம். கிண்ணத்தை நடுவில் நகர்த்தினாள். பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரை வைத்தாள்.

"மருந்துன்னு சொல்றீங்க இல்ல மாமா. யாராவது ஒருத்தர் விரல வைங்க. ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். அப்புறம் நான் கால்ல விழறன்."

தமிழ்வாணன் சிரிக்கப் பார்த்தார். "எனுக்கு இன்னாத்துக்கும்மா, எனுக்குத்தான் மரு இல்லியே."

"தோலு இருக்குது இல்லீங்க" என்றாள்.

அய்யாக்கண்ணு தன் விரல்களை மடக்கிக்கொண்டதை அவரே கவனிக்கவில்லை. அந்த நிமிஷத்தில் பஞ்சாயத்து முடிந்துவிட்டது என்றே வாசலில் நின்றவர்கள் நினைத்தார்கள். கந்தசாமி சுவரை விட்டு எழுந்தான்.

"இவுங்க இன்னா வெக்கிறது. நான் வெச்சவன்" என்று வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, வலது கையின் ஆள்காட்டி விரலைக் கிண்ணத்துக்குள் முதல் கணு முழுக இறக்கினான்.

அவன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். முன்பு அவன் வைத்தது ஈர்க்குச்சிப் பொட்டு. இது விரல் முழுக்க. அவனுக்கு அது தெரியும், அவளுக்கும் தெரியும். முதலில் அவன் முகத்தில் ஒன்றுமில்லை. பிறகு கழுத்து நரம்பு எழுந்தது. தையல் போட்ட புருவத்துக்கு மேல் வேர்வை முத்து முத்தாக நின்றது. கிண்ணத்தின் அடி தரையில் தடதடவென்று ஆட ஆரம்பித்தது, அவன் இடது கையால் அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டான். செம்பு அவள் கைக்குப் பக்கத்தில் இருந்தது. ரேணுகாம்பாள் அதைத் தொடவில்லை.

"தண்ணி ஊத்துமே, வெந்துடும்" என்று பாஞ்சாலை வாசலிலிருந்து சொன்னாள்.

"அவரு கேக்கட்டும்" என்றாள் ரேணுகாம்பாள்.

அவன் கேட்கவில்லை. கேட்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். தட்டு பறந்த அன்றிலிருந்து தெரியும். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மீசையில் இறங்கியது. வாய் மட்டும் திறக்கவில்லை. கடைசியில் அய்யாக்கண்ணுதான் எழுந்து கிண்ணத்தை எட்டி உதைத்தார். வெளியே வந்த விரல் சோப்புக் கட்டியைப் போல் வெளுத்து வழவழத்திருந்தது. அப்போது ரேணுகாம்பாள் செம்பை எடுத்து ஊற்றினாள். அது தீர்ந்ததும் அவனைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டுபோய், நேற்றுத் தான் நின்ற அதே இடத்தில் அவனை நிறுத்தி, அவன் கையைத் தண்ணீருக்குக் கீழே அழுத்திப் பிடித்தாள். அவன் திமிறினான். விடவில்லை.

காலில் விழுகிற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. கட்டு மாற்றப் போனபோது டாக்டர், யார் இப்படிச் செய்தது என்று கேட்டாராம். நான்தான் என்றானாம் கந்தசாமி.

விரல் போகவில்லை. ஆறி வந்தபோது நுனி பளபளவென்று இறுகி, ரேகையே இல்லாமல், ஒட்டவைத்த பிளாஸ்டிக் மாதிரி இருந்தது. தொட்டால் தெரியவில்லை. அழுத்தினால் வலி மட்டும் தெரிந்தது. அவன் இப்போதும் நெய்கிறான். ஆனால் நெய்யும்போது இழை அறுந்தால் விரல் சொல்வதில்லை. துணியில் ஓட்டை விழுந்த பிறகு கண்தான் சொல்கிறது. அதற்குள் இரண்டு விரற்கடை நெய்தாகிவிட்டிருக்கும்.

ரேணுகாம்பாள் தன் அரத்தையும் திரவத்தையும் விடவில்லை. மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒருநாள் விரலை ஊறவைத்துத் தேய்த்துவிட்டு, வெளிச்சத்தில் பார்த்தாள். மரு இருந்த இடத்தில் தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. இந்தப் பக்கத்து ரேகை அறுபடாமல் அந்தப் பக்கம் போயிருந்தது. பட்டு இழை ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தாள். மாட்டவில்லை. மறுபடி உருட்டினாள். பிறகு சாம்பல் டப்பாவை எடுத்துக்கொண்டு, வாசற்படியில் திருப்பி அனுப்பிய அந்த வீட்டுக்கே முதலில் போனாள். விரலை அவர்கள் கேட்குமுன் நீட்டினாள்.

தை மாதத்துப் பாவு கந்தசாமியின் தறிக்கு வந்தது, அரக்குச் சிவப்பு. ஊரிலுள்ள பாவுகளையெல்லாம் முடித்த பிறகே அவள் அதில் கை வைத்தாள். அவன் எதிரில் உட்கார்ந்து இழைக் கற்றையைப் பிடித்துக் கொடுத்தான். நடுவில் நுனி நறுக்கப் பழக்கதோஷத்தில் அவளுடைய பிளேடு டப்பாவின் பக்கம் கை நீட்டினான்.

"கைய எடு" என்றாள். கல்யாணமானதிலிருந்து அவனை அவள் அப்படி ஒருமையில் பேசியதில்லை.

அவன் எடுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, பழைய இழைகளில் ஒன்றைப் பளபளத்த விரலால் தடவினான், மறுபடி தடவினான், பிறகு அவள் பக்கம் தள்ளினான்.

"இது அறுந்துகினு கீதா பாரு" என்றான் மெதுவாக.

அவள் கட்டைவிரலால் ஓட்டிப் பார்த்தாள். அறுந்திருந்தது. சாம்பலைத் தொட்டுக்கொண்டு உருட்டிச் சேர்த்துவிட்டு அடுத்த இழைக்குப் போனாள். நாடா அவளுடைய இடது கைக்கு எட்டுகிற தூரத்தில், அவள் வைத்த இடத்தில் இருந்தது.